போட்டதை எடுக்கிற வேலை

"அவனுக்குப் பாக்கிச் சம்பளம் குடுத்தாங்களா?"

ஜோ ஹால்டிமனின் 'தி ஃபாரெவர் வார்' நாவலை அப்பாவுக்குக் கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி இது. வில்லியம் மண்டெல்லா என்ற சிப்பாய் நட்சத்திரங்களுக்கு நடுவே சண்டைக்குப் போகிறான். கப்பல் ஒளியின் வேகத்தை நெருங்கிப் பறப்பதால் அவனுக்கு இரண்டு வருஷம் கழிவதற்குள் பூமியில் 26 வருஷம் ஓடிவிடுகிறது. நான் ஐன்ஸ்டீனை விளக்கலாம் என்று மூச்சை இழுத்தபோது அப்பா சம்பளத்தைக் கேட்டார்.

"குடுத்தாங்கப்பா. 26 வருஷத்துக்கும். வட்டியோட."

"அப்போ நல்ல கவர்மென்ட்டுதான்" என்றார்.

அப்பா பட்டாளத்தில் இருந்தவர். வேலூர் பக்கம், வீட்டுக்கு ஒருத்தராவது பட்டாளத்துக்குப் போன ஊர் எங்களுடையது. அவர் மெட்ராஸ் சாப்பர்ஸ், பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட பொறியாளர் படைப்பிரிவு. அங்கே சிப்பாய்களைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். பாலம் கட்டுவது, சாலை போடுவது, கண்ணிவெடி புதைப்பது, எடுப்பது எல்லாம் அவர்கள் வேலை. ஹால்டிமனும் அதே வேலைக்காரர்தான். இயற்பியலும் வானியலும் படித்துவிட்டு, கட்டாய ஆள்சேர்ப்பில் வியட்நாமுக்குப் போய், 1968-ல் படுகாயப்பட்டுத் திரும்பியவர். இதைச் சொன்ன பிறகுதான் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "சாப்பரா? சொல்லு சொல்லு."

ஆனால் நான் இந்த வகை நாவல்களுக்குள் வந்தது ஹால்டிமன் வழியாக இல்லை. பதினேழு வயதில், திருவல்லிக்கேணி நடைபாதையில் நாற்பது ரூபாய்க்கு வாங்கிய ராபர்ட் ஹைன்லைனின் 'ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்' வழியாக. அட்டை கிழிந்திருந்தது. ஒரே இரவில் படித்தேன். விண்கலத்திலிருந்து ஒவ்வொருவனாகக் கூண்டுக்குள் அடைத்துக் கீழே சுடுகிறார்கள். யந்திரக் கவசம் போட்டவன் வீடுகளைத் தாண்டித் தாண்டிக் குதிக்கிறான். இன்றைக்கு நாம் விளையாடுகிற பாதி வீடியோ கேம்களின் தாத்தா அந்தக் கவசம்தான். 1959-ல் வந்த புத்தகம் என்று நம்பவே முடியவில்லை.

அந்த நாவலில் சண்டையை விடப் பயிற்சி முகாமும் வகுப்பறையும்தான் அதிகம். சேவை முடித்து வெளியே வந்தவர்களுக்கு மட்டும்தான் ஓட்டு. பொதுநலத்துக்காகத் தன் உடம்பைப் பணயம் வைத்தவனுக்கே நாட்டை நடத்தும் உரிமை என்று ஓர் ஆசிரியர் பாடம் எடுக்கிறார். பதினேழு வயதில் அந்த வாதம் எனக்கு அப்படியே உள்ளே இறங்கியது. கூடவே ஒரு சின்னச் சந்தோஷம்: நாயகன் ஜுவான் ரிக்கோவின் வீட்டு மொழி தகலாக் என்பதை ஹைன்லைன் கடைசிப் பக்கங்களில்தான் போகிற போக்கில் சொல்கிறார். அதுவரை ஒரு வெள்ளைக்காரப் பையனைக் கற்பனை செய்துகொண்டு வந்த வாசகருக்கு அங்கே ஒரு குட்டு. 1997-ல் பால் வெர்ஹோவன் இதைப் படமாக்கியபோது கதையையே கேலியாக்கி, நாயகனையும் வெள்ளைக்காரனாக்கிவிட்டார். கேலி எனக்குப் பிடித்திருந்தது. அந்த மாற்றத்தைத்தான் இன்னும் மன்னிக்கவில்லை.

படித்து முடித்த மறுநாள் அப்பாவிடம் சொன்னேன். டிகிரி முடித்ததும் பரங்கிமலை ஓ.டி.ஏ-வுக்கு முயற்சி பண்ணப் போகிறேன், ஆபீசராகப் போகிறேன் என்று. சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"வேணாம் பாப்பா."

ஏன் என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. பொண்ணு என்பதாலா என்று கத்தினேன். அதற்கும் பதில் இல்லை. அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம் நானும் அவரும் ஒழுங்காகப் பேசிக்கொள்ளவில்லை. அவர் மேல் இருந்த கோபத்தில் நான் மேலும் மேலும் போர் நாவல்களாகப் படித்தேன் என்பதுதான் இதில் வேடிக்கை.

ஹைன்லைன் கடற்படை அதிகாரி. ஆனால் காசநோயால் 1934-லேயே விலக வேண்டி வந்தது, சண்டையைப் பார்க்கவில்லை. ஹால்டிமன் பார்த்தார். "அதனால்தான் ஹால்டிமன் உண்மை, ஹைன்லைன் பொய்" என்று நண்பர்கள் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கு இந்தக் கணக்கில் நம்பிக்கை கிடையாது. எந்தப் பட்டாளத்திலும் இருந்திராத உர்சுலா லெ க்வின், வியட்நாமை மனதில் வைத்து 1972-ல் 'தி வேர்ட் ஃபார் வேர்ல்ட் இஸ் ஃபாரஸ்ட்' எழுதினார். காட்டை அழிக்க வருகிற கேப்டன் டேவிட்சனின் மண்டைக்குள் அவர் நுழைந்த அளவுக்கு வேறு யாரும் நுழைந்ததாக நான் படிக்கவில்லை.

ஹைன்லைனிடம் என் புகார் வேறு. அவருடைய சிப்பாய் வீட்டுக்குத் திரும்பி வருவதே இல்லை. அம்மா செத்துப்போகிறாள், அப்பாவும் பட்டாளத்தில் சேர்ந்துவிடுகிறார். திரும்பிப் போக வீடே இல்லாமல் ஆக்கிவிட்டால் எந்தக் கொள்கையும் அழகாகத்தான் இருக்கும்.

மண்டெல்லா திரும்பி வருகிறான். வந்து சேர்கிற வருஷம் 2024. அம்மாவுக்கு 84 வயது. எழுபதைத் தாண்டியவர்களுக்கு மருத்துவ உதவி வேண்டுமா வேண்டாமா என்று அரசாங்கம் மதிப்பெண் போட்டு வைத்திருக்கிறது, அம்மாவுக்குப் பூஜ்யம். பணமே கலோரிக் கணக்கில் புழங்குகிறது. இந்தப் பகுதி ரொம்பச் சோர்வாக இருக்கிறது என்று சொல்லி, தொடராக வந்த 'அனலாக்' இதழின் ஆசிரியர் பென் போவா அதை ஏற்கவில்லை. பின்னால் வந்த பதிப்புகளில்தான் ஹால்டிமன் எழுதியபடி அது சேர்ந்தது. நான் முதலில் படித்த பழைய பிரதியில் இந்த வீட்டுக்கதை மென்மையாக இருந்தது. புதிய பதிப்பைப் படித்தபோதுதான் புத்தகத்தின் எலும்பு இந்த அத்தியாயத்தில் இருக்கிறது என்று தெரிந்தது. சண்டைக் காட்சிகளை எடுத்துவிட்டாலும் நாவல் நிற்கும், இதை எடுத்தால் விழுந்துவிடும்.

குறை இல்லாத புத்தகம் இல்லை. ஆண்களும் பெண்களும் சமமாகச் சண்டை போடுகிறார்கள், சரி. ஆனால் இரவில் யார் யாரோடு படுக்க வேண்டும் என்பதை அட்டவணை மாதிரி முடிவு செய்வதைப் படிக்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பெண் சிப்பாய்க்கு அது எப்படி இருக்கும் என்று யோசிக்க அவருக்கு அரைப் பக்கம் கூடக் கிடைக்கவில்லையா? தன்பாலினர் பற்றிய பகுதிகளும் இன்று படிக்கச் சங்கடமாகவே இருக்கின்றன. இவ்வளவு திட்டியும், மேரிகேயின் கடிதம் வருகிற கடைசிப் பக்கத்தில் ஒவ்வொரு தடவையும் அழுதுவிடுகிறேன். அவன் திரும்பும்வரை கிழவியாகிவிடக் கூடாது என்பதற்காக ஒரு கப்பலில் ஏறிப் போய்ப் போய்த் திரும்பிக் காலத்தை ஏமாற்றுகிறாள்.

எங்கள் வீட்டில் அந்த மாதிரிக் கப்பல் இல்லை. அப்பா வருஷத்துக்கு இரண்டு மாத லீவில் வருவார். ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒரு சைஸ் சின்னதான உடுப்போடு வருவார். கேன்டீனில் வாங்கும்போது அவர் மனதில் இருந்தவள் போன வருஷத்துப் பாப்பா. 2001 டிசம்பரில் நாடாளுமன்றத் தாக்குதல் நடந்து, பட்டாளம் மொத்தமும் எல்லைக்குப் போனது. ஆபரேஷன் பராக்ரம். பொங்கலுக்கு வரவேண்டியவர் அந்தப் பொங்கலுக்கு வரவில்லை. அந்த வருஷம் முழுக்கவே வரவில்லை. கடைசியில் வந்து வாசலில் நின்றபோது நான் உள்ளே ஓடிப்போய் அம்மாவிடம், "யாரோ மாமா வந்திருக்காங்க" என்றேனாம். எனக்கு அது ஞாபகத்தில் இல்லை. அவருக்கு இருக்கிறது.

போர் முடிந்த பிறகு, உலகமே முடிந்த பிறகு நடக்கிற நாவல்களை நான் வரிசையாகப் படித்தது 2019-ல். சென்னையில் ஏரிகள் வறண்ட கோடை. ஹாஸ்டலில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்றபடி ஜார்ஜ் ஸ்டூவர்ட்டின் 'எர்த் அபைட்ஸ்' படித்தேன். 1949-ல் வந்தது. கொள்ளைநோயில் மனிதர்கள் ஏறக்குறைய எல்லாரும் போய்விடுகிறார்கள், மிஞ்சிய சிலர் கலிஃபோர்னியாவில் ஒரு தெருவில் குடியிருக்கிறார்கள். குழாயில் இருபது வருஷத்துக்கு மேல் தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது. எங்கிருந்து வருகிறது என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை. ஒருநாள் நின்றுவிடுகிறது. வரிசையில் நின்றபடி சத்தமாகச் சிரித்துவிட்டேன். பின்னாலிருந்த அக்கா முறைத்தார்கள்.

கார்மக் மெக்கார்த்தியின் 'தி ரோட்' எல்லாரும் கொண்டாடுகிற புத்தகம். அப்பனும் மகனும் தள்ளுவண்டியோடு சாம்பலில் நடக்கிறார்கள். மொழி அபாரம், சந்தேகமில்லை. ஆனால் எனக்கு அது நாவலை விடப் பிரார்த்தனை மாதிரி இருந்தது. 'ஸ்டேஷன் இலெவன்' இதற்கு நேர் எதிர். நாடகக் குழு, ஷேக்ஸ்பியர், விமான நிலையத்தில் அருங்காட்சியகம். ரசித்தேன், ஆனால் அந்தப் பேரழிவில் கொஞ்சம் சோப்பு வாசனை அடிக்கிறது. நெவில் ஷூட்டின் 'ஆன் தி பீச்' இரண்டையும் விடக் கொடூரமானது, அதில் யாருமே கத்துவதில்லை. கதிரியக்கம் மெல்போர்னை நோக்கி வந்துகொண்டிருக்க, அங்கே அடுத்த வருஷத்துக்குத் தோட்டம் போடுகிறார்கள். நீர்மூழ்கிக் கப்பல் கேப்டன் எப்போதோ செத்துவிட்ட தன் குழந்தைகளுக்குப் பரிசு வாங்குகிறான். அந்த இடத்தில் எனக்குச் சின்ன சைஸ் கவுன்கள்தான் ஞாபகம் வந்தன.

இத்தனையும் படித்த பிறகு ஒன்று உறுத்தியது. போர் நாவல்கள் போர் முடிந்ததும் நின்றுவிடுகின்றன. பேரழிவு நாவல்கள் எல்லாம் எரிந்து ஆறிய பிறகு தொடங்குகின்றன. நடுவில் ஒரு வேலை இருக்கிறதே, அதை யார் செய்கிறார்கள்?

இதை எனக்குச் சொன்னது அப்பாதான், அவருக்கே தெரியாமல். ஹால்டிமன் கதையை முடித்தபோது, ஆயிரத்துச் சொச்சம் வருஷம் நடந்த அந்தப் போரே ஒரு தப்பர்த்தத்தில் தொடங்கியது என்றேன். அவர் அதற்கு அதிர்ச்சியாகவில்லை.

"முடிஞ்சப்புறம் யார் க்ளியர் பண்ணாங்க?"

"என்னதுப்பா?"

"போட்டதை எடுக்கணுமில்ல."

அப்போதுதான், முதல் தடவையாக, ராஜஸ்தானைச் சொன்னார். சண்டையே வரவில்லை. மாதக்கணக்கில் கண்ணி புதைத்தார்கள், பிறகு உத்தரவு வந்து எடுத்தார்கள். புதைக்கும்போது வரிசை வரிசையாக, அடிக்கணக்கு அளந்து ரெக்கார்டு எழுதி வைப்பார்கள். ஆனால் மணல் நகரும். ரெக்கார்டில் ஒரு இடம், மண்ணுக்குள் வேறு இடம். "போடறது ஒரு நாள் வேலை பாப்பா. எடுக்கறது அப்படி இல்ல." கூட இருந்த ஒருவருடைய பெயரைச் சொல்ல ஆரம்பித்து நிறுத்திவிட்டு, டீ வேணுமா என்று என்னைக் கேட்டார். பத்து வருஷத்துக்கு முன்னால் அந்த டம்ளரை ஏன் கீழே வைத்தார் என்று நான் மறுபடி கேட்கவில்லை.

இந்த வேலை நம் மொழி பேசுகிறவர்களுக்குத் தூரத்து விஷயமும் இல்லை. முகமாலையிலும் வன்னியிலும் போர் முடிந்து வருஷக்கணக்காக முழங்காலிட்டு, கையளவு கையளவாக மண்ணைக் கிளறிக் கண்ணி எடுப்பவர்களில் நிறையப் பேர் பெண்கள். அவர்களுக்குப் பேரழிவுக்குப் பிந்தைய உலகம் என்பது புத்தகக் கடையின் ஒரு அலமாரி இல்லை. அங்கிருந்து யாராவது இந்த நாவலை எழுதினால் ஹைன்லைனை நான் மொத்தமாக மறந்துவிடுவேன்.

இருப்பதில் இந்த வேலைக்கு மிகப் பக்கத்தில் வருவது வால்டர் மில்லரின் 'எ கேண்டிகிள் ஃபார் லீபோவிட்ஸ்'. மில்லர் இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானத்தில் இருந்தவர். 1944-ல் இத்தாலியில் மோன்டே கசீனோ மடாலயத்தைத் தரைமட்டமாக்கிய தாக்குதலில் பங்கெடுத்தார். பிறகு கத்தோலிக்கராக மாறினார். வாழ்நாளில் அவர் வெளியிட்ட ஒரே நாவல் இது. அணுப்போருக்குப் பிறகு, பாலைவனத்தில் இருக்கிற ஒரு மடாலயத்தில் நடக்கிறது. இடித்த கை, கட்டிப் பார்க்கிறது. அங்கே துறவிகள் பழைய உலகத்தின் காகிதங்களை, ஒரு மளிகைச் சீட்டைக்கூட, புனிதப் பொருளாகக் காக்கிறார்கள். ஃபிரான்சிஸ் என்ற அப்பாவித் துறவி ஏதோ ஒரு மின்சுற்று வரைபடத்தை, அது எதற்கு என்று ஒரு துளியும் தெரியாமல், பதினைந்து வருஷம் உட்கார்ந்து தங்க இலை ஒட்டிப் பிரதி எடுக்கிறான்.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது இந்தக் கதையையும் அப்பாவுக்குச் சொன்னேன். மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தோம். கீழே பசங்க சரம் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வெடிக்கும் அவர் தோள் லேசாக ஏறி இறங்கியது. அதை நான் பார்க்காத மாதிரி இருந்தேன். ஃபிரான்சிஸைக் கேட்டு அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அளவெல்லாம் சரியா எழுதினானா?"

"தெரியலப்பா. பூவெல்லாம் வரைஞ்சு அழகு பண்ணான்னு இருக்கு."

"பூ கெடக்கட்டும். அளவு?"

பார்த்துச் சொல்றேன் என்றேன்.