அரிசித் தாம்பாளமும் தொல்காப்பியமும்

சிந்தாதிரிப்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில், மாலை வேளைகளில் தெருப் பிள்ளைகள் சிலருக்குக் கணவனும் மனைவியுமாகத் தமிழ் சொல்லிக்கொடுத்து வருகிறோம். இருவருமே தமிழாசிரியர்கள், ஒருவருக்குக் கல்லூரியில் பணி, மற்றவருக்குப் பள்ளியில். எழுத்துப் பிழைக்கு எங்களுக்குத் தெரிந்திருந்த மருந்து ஒன்றே: நூறு முறை எழுது.

ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன். கதை சொல்லச் சொன்னால் மாடியே வாய்மூடிக் கேட்கும். எழுதச் சொன்னால் ‘பள்ளி’ ‘பல்லி’யாகும், ‘கொடி’ ‘கெடி’யாகும். சோம்பல் என்று தீர்மானித்தோம். நூறு முறை எழுதினான், நூறிலும் பிழை. மறுவாரம் அவன் வரவில்லை. அவன் தாய்தான் வந்தார். “அவனுக்குப் படிப்பு ஏறல சார். மீன் மார்க்கெட்டுக்கு இட்டுனு போறேன்றாரு அவங்கப்பா” என்றார். அன்றிரவு எங்களுக்கு உறக்கமில்லை.

அதன் பிறகே படிக்கத் தொடங்கினோம். டிஸ்லெக்சியா என்பது அறிவுக் குறைவன்று. பெரும்பாலும் பார்வைக் கோளாறுமன்று. ஒலிகளைப் பிரித்துணர்ந்து எழுத்தோடு பிணைப்பதில் நேரும் இடர்ப்பாடு. தமிழ் எழுத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ‘கெ’ என்பதில் முதலில் ஒலிப்பது ககர மெய். ஆனால் எழுதும்போது கொம்பு அதற்கு முன்னே நிற்கிறது. ‘கொ’விலோ உயிர்க்குறி இருபுறமும் சூழ்கிறது. காது ஒரு வரிசையைச் சொல்ல, கண் வேறொரு வரிசையைக் காண்கிறது. பழகிவிட்ட கண்களுக்கு இது தெரிவதேயில்லை.

1930களில் அமெரிக்காவில், சாமுவேல் ஆர்ட்டன் என்னும் மருத்துவரின் ஆய்வை ஒட்டி அன்னா கில்லிங்காம் ஒரு முறையை வகுத்தார். எழுத்தைக் கண்டு, வாய்விட்டு ஒலித்து, விரலால் வரைந்து, மூன்றையும் ஒருசேரக் கற்பது அது. படித்ததும் வெட்கமாக இருந்தது. திண்ணைப் பள்ளிகளில் மணலில் விரலோட்டியபடியே எழுத்தைக் கூவிக் கற்றது வேறென்ன? எங்கள் பேட்டைக்குக் கூவத்தின் அக்கரையில்தான் எழும்பூர். அங்கே 1789இல் ஆதரவற்ற சிறுவர்களின் பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு தம் பள்ளியிலும் அதைப் புகுத்தினார். 1797இல் லண்டனில் தம் அனுபவத்தை நூலாக வெளியிட்டார். திண்ணையில் பிரம்பும் இருந்தது. நாங்கள் மணலை விட்டுவிட்டுப் பிரம்பை மட்டும் வைத்துக்கொண்டிருந்தோம். ‘நூறு முறை எழுது’ என்பதும் பிரம்புதானே.

அவன் வீட்டுக்குச் சென்று பேசி, அவனை அழைத்து வந்தோம். தாம்பாளத்தில் அரிசி பரப்பி, சொல்லிக்கொண்டே எழுதச் செய்தோம். தொல்காப்பியப் பிறப்பியலை எத்தனையோ முறை தேர்வுக்காக நடத்தியிருக்கிறோம். லகரத்துக்கு நா ஒற்றும், ளகரத்துக்கு வருடும் என்று அது கூறுவதை ஒரு பிள்ளையின் நாவில் வைத்துப் பார்த்ததில்லை. ‘பல்லி’, ‘பள்ளி’ என்று மெல்லச் சொல்லவைத்து, நா எங்கே படுகிறது என்று கேட்டோம். சற்று யோசித்தான். “அது பல்லாண்ட சார்... இது உள்ள போவுது” என்றான்.

ஓராண்டாகிறது. பிழைகள் தீர்ந்துவிடவில்லை, வாசிப்பும் மெதுவாகவே நகர்கிறது. பயிற்சி பெற்ற சிறப்பாசிரியர் ஒருவரிடமும் இப்போது செல்கிறான். ஆனால் சென்ற வாரம், எழுதிக்கொண்டிருந்தவன் பாதியில் நிறுத்தி, வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, ஒரு சொல்லைத் தானே அடித்துத் திருத்தினான்.

நூறு முறை எழுதிய அந்தத் தாளை நாங்கள் எறியவில்லை. நூறு சிவப்புச் சுழிகள் இட்டவர்கள் நாங்கள் என்பது நினைவிலிருக்க வேண்டும்.