இல்லாத உறுப்புக்கும் ஓர் இடம்



திருப்பூரில் மஃரிபுக்குப் பின் எங்கள் மதரஸாவுக்கு வரும் பிள்ளைகளின் பைகளில் கிதாபுகளோடு பள்ளிக் கணக்குப் புத்தகமும் இருக்கும். பெற்றோர் பலர் பனியன் கம்பெனிகளில் இரவு வரை உழைப்பதால், பள்ளிப் பாட ஐயங்களும் எங்களிடமே வந்து சேர்கின்றன. அவற்றுள் பிள்ளைகளை மிகவும் மிரட்டுவது பல்லுறுப்புக் கோவைகளின் நீள் வகுத்தல். "கணக்கு வரவில்லை" என்று படிப்பை விட்டுக் கைமடி வேலைக்குச் சென்ற பிள்ளைகளை நாங்கள் கண்டிருக்கிறோம். ஆகவே இதைச் சிறிய செய்தியாகக் கருத இயலவில்லை.

அ³ − 7அ + 8 என்னும் கோவையை அ − 2 ஆல் வகுக்க வேண்டும் என்று கொள்வோம். இதில் அ² உறுப்பு இல்லை. அந்த இடத்தை விட்டுவிடும் பிள்ளை, −7அ மீது வேறு படியுள்ள உறுப்பை வைத்துக் கழித்துவிடுகிறது. பிறகு எல்லாம் பிழையாகிறது. அ³ + 0அ² − 7அ + 8 என்று எழுதிக்கொண்டால் போதும். முதலில் ஈவில் அ², கழித்தால் 2அ². அடுத்து 2அ, கழித்தால் −3அ. இறுதியாக −3, மீதி 2. சரிபார்ப்பதும் எளிது: கோவையில் அ = 2 என இட்டால் 8 − 14 + 8 = 2.

இம்முறையை ஏறத்தாழ 850 ஆண்டுகளுக்கு முன்பே விளக்கியவர் அஸ்ஸமவ்அல். பாக்தாதில் யூதக் குடும்பத்தில் பிறந்து, 1163இல் இஸ்லாத்தைத் தழுவியவர். 'அல்பாஹிர்' என்னும் இயற்கணித நூலை எழுதியபோது அவருக்கு வயது 19. கெழுக்களைக் கட்டங்களில் வரிசையாக இட்டு, இல்லாத படிக்குப் பூச்சியம் வைத்து வகுத்தார். அவருக்கு முன் அல்குவாரிஸ்மி எழுதிய அல்ஜப்ர் நூலின் ஏறத்தாழ பாதி வாரிசுரிமைக் கணக்குகளே.

ஃபராயிள் பாடத்திலும் இதே ஒழுங்கைக் காண்கிறோம். காணாமற்போன வாரிசின் பங்கும், கருவிலிருக்கும் குழந்தையின் பங்கும் உண்மை தெளியும்வரை நிறுத்திவைக்கப்படுகின்றன. கண்முன் இல்லை என்பதற்காக அவர்களின் இடத்தை மற்றவர் எடுத்துக்கொள்ள முடியாது. எடுத்தால் எல்லோருடைய பங்கும் பிழையாகும். பூச்சியத்தை எழுதப் பழகிய பிள்ளைக்கு இச்சட்டத்தின் நியாயம் விரைவில் விளங்குவதை நாங்கள் பார்த்து வருகிறோம்.

அன்பான பெற்றோர்களே, கணக்கில் தடுமாறும் பிள்ளையைக் கம்பெனிக்கு அனுப்ப அவசரப்படாதீர்கள். எந்த வரியில் தடுமாறுகிறது என்று கேளுங்கள். உங்களுக்குத் தெரியாவிடில் ஆசிரியரிடமோ உஸ்தாதிடமோ அழைத்துச் செல்லுங்கள். பெரும்பாலும் விடுபட்டிருப்பது ஓர் இடம் மட்டுமே.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.