வெள்ளாற்றங்கரையிலிருந்து – 3: எந்தக் கப்பலில் ஏறுவது?

போன வாரம் பரங்கிப்பேட்டை முகத்துவாரத்தோடு நிறுத்தியிருந்தேன். புவனகிரியைத் தொட்டுக்கொண்டு வரும் வெள்ளாறு கடலில் சேரும் இடம் அது. போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், டேனியர், ஆங்கிலேயர் என்று வரிசையாக வந்து வியாபாரம் செய்த துறை. இன்று அங்கே நிற்பவை மீன்பிடிப் படகுகள். கரையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம். கப்பல் ஏற ஆசைப்படுகிற புவனகிரிக்காரர் பஸ் பிடித்து வேறு ஊருக்குத்தான் போக வேண்டும். எந்த ஊருக்கு என்பதில்தான் எங்கள் வீட்டில் வழக்கு.

தொடங்கி வைத்தது அக்கா. சென்னையிலிருந்து புறப்படும் சொகுசுக் கப்பலின் விளம்பரத்தைச் செல்போனில் பார்த்துவிட்டாள். நீச்சல் குளம், நாடக அரங்கு, வேளாவேளைக்குச் சாப்பாடு. "ஒரு தடவையாவது இதுல போயிட்டு வந்துடணும்டி" என்றாள். மாமா பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. "தண்ணியத்தானே பார்க்கணும்? பிச்சாவரத்துல இல்லாத தண்ணியா? காலையில போனா மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடலாம்."

மாமாவின் கட்சியை லேசில் தள்ளிவிட முடியாது. டவுன் பஸ்ஸில் சிதம்பரம், அங்கிருந்து கிள்ளை வழியாகப் பிச்சாவரம். சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாமில் டிக்கெட் எடுத்து, லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டால் ஆயிற்று. மோட்டார் படகு வேண்டாம் என்பேன். அது அகன்ற வாய்க்காலில் இரைந்துகொண்டே போய்த் திரும்பிவிடும். துடுப்புப் படகுக்குத்தான் சந்துகள் திறக்கும். சுரபுன்னையின் வேர்கள் இரண்டு பக்கமும் வளைந்து வந்து தண்ணீரில் ஊன்றி நிற்க, படகுக்காரர் "தலையைக் குனிஞ்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுத் துடுப்பை உள்ளே இழுத்துக்கொள்வார். அதற்கப்புறம் அவர் கையால் கிளையைப் பிடித்துத் தள்ளித்தான் படகு நகரும். ஓதம் வற்றியிருந்தால் வேரெல்லாம் சேறு பூசி நிற்கும், சின்னச் சின்ன நண்டுகள் ஏறி ஓடும். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பேரைக் கொடுத்த மரமும் இந்த உப்பங்கழியில்தான் நிற்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து என்று கையை உள்ளே வைத்துக்கொள்ளச் சொல்வார்கள்.

ஒரு திருப்பத்தில் இருளர் பெண்கள் சிலர் இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வலை இல்லை, தூண்டில் இல்லை. கழுத்து வரை தண்ணீரில் தவழ்ந்தபடி இரண்டு கையாலும் சேற்றைத் தடவுகிறார்கள். கையில் இறால் தட்டுப்பட்டதும் அப்படியே அமுக்கி எடுத்துப் பறியில் போடுகிறார்கள். ஓலையில் முடைந்த அந்தப் பறியை வாயில் கடித்துக்கொண்டிருப்பதால் பேச்சில்லை. இதயக்கனி எடுத்த இடத்தையும் தசாவதாரம் எடுத்த இடத்தையும் காட்டுகிற படகுக்காரர்கள் இவர்களைக் காட்டுவதில்லை. நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவும் சரி. எனக்கு ஒரே குறை, ஏறின இடத்திலேயே இறக்கிவிடுகிறார்கள்.

படகில் ஏறினால் இன்னொரு ஊரில் இறங்க வேண்டும் என்ற ஆசை எனக்கு ஆலப்புழையில் பிடித்துக்கொண்டது. அங்கே கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறை ஆலப்புழையிலிருந்து கோட்டயத்துக்குப் படகு விடுகிறது. நாங்கள் போனபோது முப்பது ரூபாயை எட்டாத டிக்கெட், இரண்டரை மணி நேரம். வேம்பநாட்டுக் காயலைக் கடந்து வாய்க்காலுக்குள் நுழைந்தால், வீட்டு வாசல் படிக்கட்டில் பாத்திரம் தேய்க்கிறவர்களைத் தொட்டுவிடும் தூரத்தில் போகிறோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறி இறங்குகிறார்கள். ஆயிரக்கணக்கில் கொடுத்துப் படகு வீட்டில் போகிறவர்கள் சுற்றிவிட்டுப் புறப்பட்ட துறைக்கே வர, நாங்கள் கோட்டயத்தில் இறங்கி டீ குடித்தோம்.

அக்கா சொன்ன கப்பலுக்கு வருவோம். கார்டேலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ். 1990-இல் நார்டிக் எம்ப்ரஸ் என்ற பெயரில் அமெரிக்கப் பயணிகளுக்காக ஓடத் தொடங்கி, கை மாறிப் பெயர் மாறி, 2021-இல் இந்தியாவுக்கு வந்தது. 11 தளம். பெரும்பாலும் மும்பையில் இருக்கும். தென்மேற்குப் பருவமழையில் அரபிக்கடல் கொந்தளிக்கிற மாதங்களில் வங்கக் கடலுக்கு வருகிறது. 2022 ஜூனில் முதலமைச்சர் ஸ்டாலின் சென்னைத் துறைமுகத்தில் கொடியசைத்து அனுப்பிவைத்தார். நடுக்கடல் வரை போய்த் திரும்புகிற பயணம் ஒன்று. விசாகப்பட்டினமும் புதுச்சேரியும் சேர்ந்த சுற்று இன்னொன்று.

இந்தப் புதுச்சேரிதான் எங்கள் வீட்டில் சிரிப்பாய்ச் சிரித்தது. 2022-இல் அங்கே நிற்க அனுமதி கிடைக்கவில்லை. கப்பலில் சூதாட்டக் கூடம் இருப்பதைச் சொல்லி எதிர்ப்புக் கிளம்பியிருந்தது. 2025 ஜூலையில் எதிர்ப்புக்கு நடுவே கப்பல் வந்தது. ஆழம் போதாததால் தள்ளி நின்றுகொண்டு, பயணிகளைச் சின்னப் படகில் கரை சேர்த்தார்கள். மாமா கணக்குப் போட்டார்: "புவனகிரில பஸ் ஏறி, கடலூர் தாண்டி, பாண்டிச்சேரி தாண்டி மெட்ராஸ் போகணும். அங்க கப்பல்ல ஏறி விசாகப்பட்டினம் போயிட்டு, பாண்டிச்சேரில இறங்கிப் பார்த்துட்டு, திரும்ப மெட்ராஸ் போகணும். அப்புறம் பஸ்ல மறுபடி பாண்டிச்சேரி வழியா வீட்டுக்கு வரணும். ஏம்மா, இந்தப் பாண்டிச்சேரிய எத்தனை தடவைதான் பார்ப்பீங்க?"

விலை விசாரித்தோம். விளம்பரத்தில் போடுவது ஜன்னல் இல்லாத உள்ளறைக்கான தொகை, அதுவும் ஓர் அறைக்கு இரண்டு பேர் என்ற கணக்கில். தனியாகப் போகிறவர் ஏறக்குறைய இரண்டு பேர் காசு கட்ட வேண்டியிருக்கும். கடல் தெரிகிற ஜன்னலுக்கு ஒரு விலை, பால்கனிக்கு இன்னொரு விலை. துறைமுகக் கட்டணம், சேவைக் கட்டணம், வரி என்று அடியில் சேர்ந்துகொண்டே போகிறது. சாப்பாடு உண்டு, கரையில் ஊர் சுற்றுவது தனி. நாங்கள் கேட்ட தேதிக்கு இரண்டே இரவுக்கு ஆளுக்கு இருபதாயிரத்தைத் தாண்டியது. முழங்கால் வலிக்காரர்களுக்கு இந்தக் கப்பல் நல்ல ஏற்பாடு என்பதை ஒப்புக்கொள்கிறேன். லிஃப்ட் இருக்கிறது, பெட்டியை ஒரே அறையில் வைத்துவிடலாம், சமையல் கிடையாது. அக்காவின் ஆசையில் பாதி அந்தக் கடைசி வார்த்தைதான், அதில் நியாயமும் உண்டு. ஆனால் நடுக்கடல் வரை போய்த் திரும்புகிற கப்பலும் பிச்சாவரத்துப் படகு செய்கிறதைத்தான் செய்கிறது. ஏறின இடத்தில் இறக்கிவிடுகிறது.

அண்ணன் மகன் தன் பங்குக்குச் சிங்கப்பூரை இழுத்துவந்தான். அங்கிருந்து கிளம்பும் ஜென்டிங் ட்ரீம் கப்பலில் நம்மவர்கள் கூட்டம் கூட்டமாகப் போகிறார்களாம், சைவச் சாப்பாடு தட்டுப்பாடில்லையாம். அது நிற்கும் துறைகளைப் படித்தான்: போர்ட் கிளாங், பினாங்கு. மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது நம்ம சிதம்பரம் போன ரூட்டுடா."

சின்னவனுக்குப் புரியவில்லை. எம்.வி. சிதம்பரம் என்று ஒரு கப்பல் இருந்தது. அதற்கு முன்னால் ரஜூலா. 1926-இல் கட்டிய ரஜூலா ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற உரிமம் பெற்ற நீராவிக் கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று எழுபதுகளின் தொடக்கம் வரை போய்வந்தது. எங்கள் பெரிய தாத்தா அதில்தான் பினாங்குக்குப் போனார். டெக்கில் பாய் விரித்துப் படுத்து, கொண்டுபோன கட்டுச்சோறு கெடுகிற வரை அதைச் சாப்பிட்டாராம். ரஜூலா ஓய்ந்த பிறகு அந்த வழிக்கு வந்தது எம்.வி. சிதம்பரம். பாஸ்தர் என்ற பெயரில் 1966-இல் பிரான்சில் கட்டிய கப்பலை இந்தியக் கப்பல் கழகம் வாங்கி, நம் ஊர்ப் பெயரைச் சூட்டி ஓட்டியது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பல உயிர்கள் போயின. கப்பல் உடைக்கப் போய்விட்டது, அதோடு அந்தப் பயணிகள் வழியும் மூடிற்று. அக்கா கேட்கிற எம்ப்ரஸும் பிரான்சில் கட்டியதுதான். ஒன்று வேலை தேடிப் போனவர்களை ஏற்றியது, மற்றது விடுமுறைக்காரர்களை ஏற்றுகிறது. சிங்கப்பூர்ப் பயணம் நல்ல யோசனைதான். ஆனால் கப்பல் ஏறுவதற்கே முதலில் விமானம் ஏற வேண்டும், மூன்று பேர் கணக்குப் போட்டால் ஒரு கல்யாணச் சீர் செலவு. தள்ளி வைத்தோம்.

அந்தமான் கப்பலையும் லட்சத்தீவையும் பேசாமல் விடவில்லை. சென்னையிலிருந்து அந்தமானுக்கு அரசுக் கப்பல் போகிறது. பங்க் வகுப்பு மலிவுதான், மூன்று நாள் அளவுக்கு ஆகும். ஆனால் இன்ன மாதம் இன்ன தேதி என்பது கிட்ட வந்துதான் தெரியும். லட்சத்தீவுக்குக் கொச்சியிலிருந்து சமுத்திரம் என்ற தொகுப்புப் பயணம் உண்டு. பகலில் தீவு, இரவில் கப்பல், அனுமதிச் சீட்டு கட்டாயம். இரண்டையும் ஒருநாள் பார்க்கத்தான் வேண்டும்.

கடைசியில் நான் எடுத்து வைத்தது நாகப்பட்டினம். சிதம்பரத்திலிருந்து கொள்ளிடம் பாலம் தாண்டி, சீர்காழி, தரங்கம்பாடி, காரைக்கால் வழியாகப் போனால் வந்துவிடும். அங்கிருந்து இலங்கையில் யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்கு 60 கடல் மைல் சொச்சம், நான்கு மணி நேரப் பயணம். 2023 அக்டோபர் 14-ஆம் தேதி செரியபாணி என்ற கப்பல் அந்த வழியைத் திறந்து வைத்தது. பிரதமர் காணொலியில் கொடியசைத்தார். ஒரு வாரத்துக்குள் வடகிழக்குப் பருவமழை வர, நின்றுபோனது. 2024 ஆகஸ்ட் 16-ஆம் தேதி சிவகங்கை என்ற கப்பலோடு மறுபடி தொடங்கி, அந்த நவம்பரில் மழைக்கு நின்று, 2025 பிப்ரவரியில் மீண்டும் கிளம்பியது. 150 இருக்கைகள் கொண்ட கப்பல். நாடக அரங்கும் நீச்சல் குளமும் கிடையாது. ஏறினால் இன்னொரு நாட்டில் இறங்குவோம்.

இலங்கைக்கு முன்பிருந்த தனுஷ்கோடி வழி 1964 டிசம்பர் புயலில் போனது. அதற்குமுன் போட் மெயில் ரயிலில் தூங்கிக்கொண்டே போய்க் கப்பல் மாறித் தலைமன்னாரில் இறங்கிவிடுவார்கள். ராமேஸ்வரம் கப்பலும் எண்பதுகளில் யுத்தத்தால் நின்றது. ஆகவே நாகப்பட்டினம் வழியைப் புதியது என்று சொல்லலாமா என்பதிலேயே எனக்குச் சந்தேகம். யாழ்ப்பாணமும் சிதம்பரமும் ஒன்றுக்கொன்று வெளியூர் அல்ல. நல்லூர் ஆறுமுக நாவலர் 1864-இல் சிதம்பரத்தில் சைவப் பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். மார்கழித் திருவாதிரைக்கு அந்தப் பக்கத்துச் சனங்கள் கடல் கடந்து நடராசரைப் பார்க்க வந்தார்கள். காரைநகர்ச் சிவன் கோயிலை அவர்கள் ஈழத்துச் சிதம்பரம் என்றே சொல்கிறார்கள். இதைச் சொன்னதும் மாமா பேப்பரை மடித்து வைத்தார். "அங்கயும் திருவாதிரை உண்டா?"

"பெரிசா நடக்கும் மாமா."

"மார்கழியில கப்பல் ஓடுமா?"

அதுதான் சிக்கல். மார்கழி என்றால் கடல் முரண்டு பிடிக்கிற காலம். பங்குனி, சித்திரையில் போவது நல்லது. சொகுசுக் கப்பலில் ஒரு துறை ரத்தானால் அறையில் தூங்கிக் கழிக்கலாம், இங்கே அதுவும் நடக்காது. காற்று எழுந்தால் அன்று கப்பல் கிளம்பாது, அந்தக் கரையில் இரண்டு நாள் கூடுதலாகத் தங்கவும் தேவைப்பட்டால் யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் ஏறவும் பணம் மடியில் இருக்க வேண்டும். டிக்கெட் விலையை மட்டும் பார்த்து மலிவு என்று சொல்கிறவர்கள் இந்தத் தொகையை விட்டுவிடுகிறார்கள். நான் அதையும் சேர்த்துத்தான் எழுதிக் காட்டினேன். அப்படியும் அக்காவின் கப்பலைவிடக் குறைவாக வந்தது. யாழ்ப்பாணத்தில் நாலைந்து நாள் தங்குகிற செலவையும் உள்ளே வைத்து.

அக்கா காகிதத்தைத் திருப்பிப் பார்த்தாள். "இதுல பால்கனி உண்டா?"

"சீட்டுதான்க்கா. ஆனா அங்க போய்ச் சேர்ந்தா சமைக்கவேண்டாம்."

"சாப்பாடு?"

"நண்டு ஒடியல் கூழ் தர்றாங்களாம்."

ஒடியல் என்றால் பனங்கிழங்கைப் பிளந்து காயவைத்தது என்று விளக்கியதில் பாதி ஒத்துக்கொண்டாள். மீதிப் பாதிக்கு நல்லூர் கோயிலும் கீரிமலைக் கேணியும் ஒரு பட்டுக்கடையும் தேவைப்பட்டன. புவனகிரியில் பட்டுத் தறிகள் இருக்கும்போது யாழ்ப்பாணத்துப் பட்டுக்கடை எதற்கு என்று மாமா கேட்டதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மாமாவுக்கு அதுவரை பாஸ்போர்ட்டே கிடையாது. பிச்சாவரத்துக்கு எதற்கு பாஸ்போர்ட்? கடலூர்த் தபால் நிலையத்திலுள்ள மையத்தில் தேதி வாங்கினோம். விண்ணப்பத்தில் அடையாளக் குறி என்ற இடத்தில் எந்த மச்சத்தை எழுதுவது என்று அக்காவும் மாமாவும் வாக்குவாதம் செய்தது தனிக் கதை. போலீஸ் விசாரணைக்கு வந்தவர் வெளிநாட்டில் எங்கே போகிறீர்கள் என்று கேட்டதற்கு, "ஈழத்துச் சிதம்பரம்" என்றார் மாமா. அவர் சிதம்பரம் என்பதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு, அதுக்கு எதுக்குங்க பாஸ்போர்ட் என்றார்.

பாஸ்போர்ட் தபாலில் வந்துவிட்டது. சித்திரையில் ஒரு தேதிக்கு மூன்று இருக்கை போட்டாயிற்று, இலங்கைக்கான நுழைவு அனுமதியும் ஆன்லைனில் வாங்கியாயிற்று. அடுத்த வாரம் நாகப்பட்டினம் துறைமுகம்.