தகடு முடியும் இடம்

கரூரில் பஸ்ஸுக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் 31 வருஷம் வெல்டு வைத்தவன் நான். வேலையை விட்ட பிறகு, ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரில் இருக்கும் மகன் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். பிள்ளைகளோடு காடுமேடு சுற்ற ஒரு டிரெய்லர் வாங்கப்போவதாக அவன் சொன்னபோது, "எதுக்குக் கண்ணு வாங்கணும், நாமே கட்டிடலாம்" என்றேன். அப்படிச் சொன்னதற்கு இன்றுவரை சந்தோஷப்படுகிறேன், அதில் நான் தப்பு செய்திருந்தாலும்.

காரின் பின்னால் கோத்து இழுத்துப்போகும் சின்ன வீடு அது. உள்ளே தண்ணீர்த் தொட்டி, பின்னால் இழுத்தால் வெளியே வரும் அடுப்பு, மேலே விரிக்கும் கூடாரம். வண்டியும் சுமையும் சேர்ந்து 750 கிலோவைத் தாண்டினால் அந்த நாட்டில் பிரேக் கட்டாயம். எங்களுடையது அதைத் தாண்டியது, வைத்தோம். கார் சக்கரமும் டிரெய்லர் சக்கரமும் ஒரே அளவு, ஒரே போல்ட் அமைப்பு. அதனால் ஸ்டெப்னி எதற்கும் மாற்றிக்கொள்ளலாம். இரண்டின் அகலமும் ஒன்றாக இருந்ததால் கார் போட்ட தடத்திலேயே டிரெய்லரும் வரும்.

பாரத்தை எங்கே வைப்பது என்பதில்தான் அதிக நாள் போயிற்று. மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு இது புதிதல்ல. முன்பாரம் ஏறினால் மாட்டின் கழுத்து நோகும், பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே தூக்கும். டிரெய்லரில் பின்பாரம் அதைவிட மோசம். வேகம் பிடித்ததும் வால் ஆடத் தொடங்கி, காரையே சாலையிலிருந்து இழுத்துப் போட்டுவிடும். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு காரின் கொக்கியில் உட்கார வேண்டும் என்பது கணக்கு. 80 லிட்டர் தண்ணீர் என்றால் 80 கிலோ. தொட்டியை அச்சுக்குச் சற்று முன்னால், தரையோடு தாழ்த்தி வைத்தேன். தண்ணீர் குறையக் குறைய வண்டியின் குணம் மாறக்கூடாது.

காரோடு கோக்கும் முக்கோணச் சட்டம் அடிச்சட்டத்தைச் சந்திக்கிற இடத்தில்தான் எல்லா இழுப்பும் வந்து விழும். அங்கே 6 மில்லிமீட்டர் தகட்டைச் சதுரமாக வெட்டி, மேலும் கீழும் வைத்து, நாலு பக்கமும் சுற்றி வெல்டு அடித்தேன். என் கைவேலையில் எனக்கு இருந்த நம்பிக்கை அந்தத் தகட்டில் தெரிந்தது. யானை ஏறினாலும் அசையாது என்று மகனிடம் சொன்னேன்.

முதல் பெரிய பயணம் ஊட்னடாட்டா தடம். மாரீ என்ற சிற்றூரில் தொடங்கி மார்லாவரை சுமார் 620 கிலோமீட்டர் மண்பாதை. 1980 வரை கான் ரயில் ஓடிய பழைய பாதையை ஒட்டிப் போகிறது. ரயிலுக்கு முன்னால் அந்தப் பாலைக்குச் சரக்கு கொண்டுபோனவை ஒட்டகங்கள். ஓட்டியவர்களை ஆப்கானியர் என்றே அழைத்தார்கள், ஆனால் பலர் அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து போனவர்கள். மாரீயில் அவர்கள் கட்டிய பள்ளிவாசலின் நினைவாக எழுப்பிய கூரைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். பிழைக்க வந்த இடத்தில் கைத்தொழிலை மட்டும் நம்பிய மனிதர்கள்.

அந்தப் பாதையில் எதிரி பள்ளம் அல்ல. தகரக் கூரையைத் தரையில் கிடத்தியதுபோல மண் வரிவரியாக எழும்பி நிற்கும். ஓடுகிற சக்கரங்களே அதை உண்டாக்குகின்றன. சக்கரம் ஒரு சிறு மேட்டில் துள்ளி விழும் இடத்தில் மண் ஒதுங்கும், அடுத்த சக்கரம் அதில் இன்னும் துள்ளும். காற்றைக் குறைத்துக்கொண்டுதான் போனோம். ஆனாலும் நாள் முழுக்க நொடிக்குப் பல தடவை அதே இடத்தில் அதே அடி. பளுவைத் தாங்குகிற இரும்பு இந்த ஓயாத நடுக்கத்தைத் தாங்காது.

வண்டி நிற்கும்போதெல்லாம் ஹப்பில் புறங்கையை வைத்துப் பார்ப்பது என் வழக்கம். கை வைக்க முடியாமல் சுட்டால் பேரிங் போகிறது என்று அர்த்தம். வில்லியம் க்ரீக்கைத் தாண்டி ஓர் இடத்தில் அப்படிக் குனிந்தபோதுதான் பார்த்தேன். செம்புழுதிக்கு நடுவே முடி போல ஒரு கோடு. தகட்டில் இல்லை. தகடு முடிகிற விளிம்பில், அதன் குறுக்கே நான் வைத்த வெல்டை ஒட்டி, சட்டத்தின் பாதி அகலத்துக்கு விரிசல் ஓடியிருந்தது.

அந்த வழியாக வந்த ஒரு முதியவர் கேட்காமலே வண்டியை நிறுத்தினார். எங்கள் இரண்டு பேட்டரியையும் அவருடைய ஒன்றையும் கழற்றி, தீப்பொறி எட்டாத தூரத்தில் வைத்து வரிசையாகக் கோத்தோம். 36 வோல்ட். ஜம்பர் வயரின் ஒரு நுனி சட்டத்தில், மறு நுனி வெல்டிங் ராடில். விரிசலின் முனையில் மகன் ஒரு துளை போட்டான், மேற்கொண்டு ஓடாமல் இருக்க. நான் மண்ணில் மல்லாந்து படுத்து வெல்டு வைத்தேன். ஒரு துண்டு ஆங்கிளைச் சிம்பாக வைத்துக் கட்டினோம். ஊட்னடாட்டா ஊர்வரை ஊர்ந்து போய்ச் சேர்ந்தோம்.

அன்று ராத்திரி நெருப்புக்கு முன்னால் உட்கார்ந்து, தகடு வைத்தும் ஏன் உடைந்தது என்று அவனுக்கு விளக்கினேன். தகடு இருக்கும் வரை சட்டம் வளையவே வளையாது. தகடு முடிந்த அடுத்த நூலில் பழையபடி வளையும். இந்த இரண்டுக்கும் நடுவே படிப்படியான இறக்கம் இல்லை. மொத்த நடுக்கமும் அந்த ஒரு கோட்டில் வந்து குவியும்.

அவன் நெருப்பையே பார்த்துக்கொண்டு, "நான் இங்க வந்த முதல் வருஷம் மாதிரிங்கப்பா" என்றான்.

23 வயதுவரை அவனுக்கு நான் எதையும் விட்டுவைக்கவில்லை. எந்தப் பள்ளி, எந்தக் கல்லூரி, எந்தச் சட்டை, யாரோடு பேசுவது என்று எல்லாம் என் முடிவு. பாசத்தில்தான் செய்தேன். பிறகு ஒரே நாளில் விமானம் ஏற்றிவிட்டேன். அந்த வருஷம் அவன் எட்டு மாதம் எங்களுக்குப் போன் செய்யவில்லை. திமிர் என்று நினைத்து நானும் பேசவில்லை. அறையைவிட்டு வெளியே வரமுடியாமல், ஒரு பால் பாக்கெட் வாங்கவும் முடிவெடுக்கத் தெரியாமல் கிடந்ததை அன்றைக்குத்தான் சொன்னான். பழி சொல்லும் குரல் இல்லை. என்னால் பதில் பேச முடியவில்லை. பிள்ளைக்கு முட்டுக் கொடுப்பதைத் தப்பு என்று இப்போதும் நினைக்கவில்லை. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து எடுக்கத் தெரியாமல் இருந்தேன், அதுதான் என் பிழை.

வீடு திரும்பியதும் முன்சட்டத்தைப் புதிதாகச் செய்தோம். இந்தத் தடவை முக்கோணச் சட்டத்தை அங்கேயே நிறுத்தாமல், அடிச்சட்டத்துக்குக் கீழே ஸ்பிரிங் பட்டை மாட்டும் இடம்வரை நீட்டினோம். தகட்டின் இரு முனைகளையும் மீன்வால் போலக் கூராக வெட்டி, நீளவாக்கில் மட்டும் வெல்டு வைத்தோம். குறுக்கே ஒரு பொட்டுக்கூட இல்லை. கூராகப் போகிற தகடு தன் பிடியை மெல்ல மெல்ல விடும், சட்டமும் மெல்ல மெல்ல வளையத் தொடங்கும்.

துத்தநாகம் பூச அனுப்பும் முன் குழாய்ச் சட்டங்களில் துளை போட வேண்டும். அடைத்த குழாயை 450 டிகிரியில் உருகி நிற்கும் துத்தநாகத்தில் முக்கினால் உள்ளே இருக்கும் காற்றும் ஈரமும் வெடித்துவிடும். எங்கே போடுவது என்று பேரன் கேட்டான். "நீயே பார்த்து வை சாமி" என்று டிரில்லைக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றேன். ஒரு துளை கொஞ்சம் தள்ளி விழுந்தது. விழட்டும், காற்றுக்கு அது போதும்.

போன ஜூலையில் மகன் குடும்பத்தோடு மேற்கே கிப் ரிவர் ரோட்டுக்குப் போனான். 660 கிலோமீட்டர், அதுவும் வரிவரியான மண். என் முழங்கால் ஒத்துழைக்காததால் வீட்டில் இருந்தேன். வழியில் பெரும்பகுதி போன் எடுக்காது. குனுனுரா வந்து சேர்ந்ததும் கூப்பிட்டான்.

"ஷாக் அப்சார்பர் போல்ட் ஒண்ணு அறுந்துடுச்சுங்கப்பா. மாத்திட்டேன்."

எந்தப் பக்கம், எந்த அளவு போல்ட், எவ்வளவு முறுக்கினாய் என்று கேள்விகள் வரிசையாக வாய்வரை வந்தன.

"சரி கண்ணு" என்றேன். "பிள்ளைங்க சாப்பிட்டாங்களா?"