த்ரிஷ்யம் 2: ஒரு தாமதமான பதிவு

நேத்து ராத்திரி 'த்ரிஷ்யம் 2' மறுபடி பார்த்தேன் (பார்க்காதவர்கள் இதோடு நகர்ந்துவிடுங்கள்). 2013இல் வந்த படத்தில் ஒரு கொலையை மறைத்த ஜார்ஜ்குட்டி மாட்டுவாரா என்ற பதைப்பு. 2021இல் வந்த இதில், மாட்டாமலே அந்தக் குடும்பம் அனுபவிக்கும் தண்டனை. போலீஸைக் கண்டாலே மகள் அஞ்சு நடுங்குகிறாள். கேபிள்காரர் ஜார்ஜ்குட்டி தியேட்டர் முதலாளியாகிவிட்டார், கூடவே குடியும். முதல் பாதி இழுவை என்றார்கள். எனக்கு அதுதான் பிடித்தது. மனைவியாக வரும் மீனாவுக்கும் அங்கேதான் நடிக்க இடம். கடைசியில் கொலையானவனின் எலும்புகளை மாற்றி வைக்கும் வேலை மட்டும் கொஞ்சம் காதில் பூ! திரைக்கதையின் கச்சிதத்தில் முதல் பாகத்துக்கே என் ஓட்டு. அதன் தமிழ் வடிவமான 'பாபநாசம்' கமலையும் இப்படி ஒருமுறை புழுங்கவிட்டுப் பார்த்திருக்கலாம், இயக்குநர் ஜீத்து சார்.