பொன்மலைச் சந்தையும் பழம் புடவைப் போர்வையும்

திருச்சிராப்பள்ளிக்கு வரும் யாத்திரிகர்களுக்கு மூன்று இடங்கள் தவறாமல் காட்டப்படுகின்றன. மலைக்கோட்டை உச்சிப் பிள்ளையார், ஸ்ரீரங்கத்து அரங்கநாதர், திருவானைக்காவல் ஜம்புகேசுவரர் ஆகிய மூன்று சந்நிதிகளையும் தரிசித்துவிட்டு, காவிரியில் ஜலம் ஓடினால் அதையும் கண்ணாரக் கண்டுவிட்டு, அவர்கள் ரயிலேறி விடுகிறார்கள். அந்த ரயில் தஞ்சாவூர்ப் பக்கம் போவதாக இருந்தால், ஜங்ஷனை விட்டுப் புறப்பட்ட சில நிமிஷங்களில் 'பொன்மலை' என்ற பெயர்ப் பலகை தென்படும். 'இங்கே பொன் கிடைக்குமோ?' என்று யாராவது வேடிக்கையாகக் கேட்பார்கள். அதற்குள் ஸ்டேஷன் பின்னால் போய்விடும்.

பொன் கிடைக்காதுதான். ஆனால் கிடைக்கும் மற்றப் பொருள்களைக் காண ஒரு ஞாயிற்றுக்கிழமையை நேயர்கள் ஒதுக்கி வைக்கலாம். பொன்மலையின் வாரச் சந்தை கூடுவது அன்றுதான். ஸ்ரீரங்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்த எனக்கு, அதைப் பார்க்கும் சந்தர்ப்பம் என் மாமியாரின் ஊசியால் வாய்த்தது.

ஊரைப் பற்றி முதலில் இரண்டு வார்த்தை. இங்குள்ள சிறு குன்றின் அருகில் 1753-ம் வருஷம் ஜூன் மாதத்தில் ஆங்கிலேயருக்கும், மைசூர்ப் படையுடன் சேர்ந்த பிரெஞ்சுக்காரருக்கும் ஒரு போர் நடந்தது. திருச்சிக் கோட்டை யாருக்கு என்பதே அன்றைய வழக்கு. சரித்திரப் புத்தகங்களில் பொன்மலை முதலில் இடம் பெற்றது அப்படித்தான். பிறகு 1928-ல் தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் தொழிற்சாலை நாகப்பட்டினத்திலிருந்து இங்கே வந்து சேர்ந்தது. அன்று முதல் பீரங்கிச் சத்தம் கேட்ட இடத்தில் சம்மட்டிச் சத்தம் கேட்கலாயிற்று. நீலகிரி மலை ரயிலுக்கு வேண்டிய நீராவி எஞ்சின்கள் இந்த இருபத்தோராம் நூற்றாண்டிலும் இங்கே செய்யப்பட்டிருக்கின்றன என்றால், இந்த ஊர்க் கைகளின் திறமையைச் சொல்ல வேறு சாட்சி வேண்டாம்.

திறமை மட்டுமல்ல, தங்கள் உழைப்புக்கு விலை என்ன என்று கேட்கும் தைரியமும் இந்தக் கைகளுக்கு உண்டு. அதே 1928-ல் ஆட்குறைப்பை எதிர்த்துத் தென்னிந்திய ரயில்வே முழுவதும் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. 1946 செப்டம்பர் 5-ந் தேதி பொன்மலையில் நடந்த துப்பாக்கிப் பிரயோகத்தில் ஐந்து தொழிலாளர்கள் உயிர் துறந்தார்கள். ஆண்டுதோறும் அந்தத் தேதியில் அவர்களுக்கு இங்கே அஞ்சலி செலுத்தப்படுகிறது. இதை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். போர்வைக் கதை முடியுமிடத்தில் இது வேண்டியிருக்கும்.

இனி ஊசிக்கு வருகிறேன். என் மைத்துனன் மகளுக்கு இது பேறு மாதம். பிறக்கப் போகும் குழந்தைக்குப் பழம் புடவைகளை அடுக்கித் தைத்த போர்வை ஒன்று வேண்டும் என்பது என் மாமியாரின் பிடிவாதம். அவர் தம் மக்களுக்கும் பேரப் பிள்ளைகளுக்கும் தைத்துப் போட்டவர். இது கொள்ளுப் பேரக் குழந்தை. அவருக்கோ கண் பார்வை மங்கி வருகிறது. "இதுதான் நான் தைக்கிற கடைசிப் போர்வை" என்று அவர் சொன்ன பிறகு வீட்டில் யாருக்கும் மறுத்துப் பேச வாயில்லை. ஆனால் அலமாரியைத் திறந்து பார்த்தால் நூல் புடவை என்று இரண்டே இரண்டுதான் தேறிற்று. மற்றவை யாவும் பாலியெஸ்டர்!

பழைய நூல் புடவைக்கு என்ன அப்படி மகிமை என்று கேட்பவர்களுக்கு ஒரு பள்ளிக்கூட விளக்கம். நூறு தடவை துவைத்த பருத்தியில் கஞ்சிப் பசை போய்விடுகிறது. இழைகள் தளர்ந்து மென்மையாகின்றன. நாலு மடிப்பாக அடுக்கித் தைத்தால் மடிப்புகளுக்கு இடையே காற்றுத் தங்கிக் குளிரைத் தடுக்கிறது. ஈரத்தையும் பருத்தி உறிஞ்சிக் கொள்ளும். பாலியெஸ்டருக்கு அந்தக் குணம் கிடையாது. நம் பாட்டிமார் விஞ்ஞானம் படிக்காமலே இதை அறிந்திருந்தார்கள்.

அறிந்தவர்கள் நம் பாட்டிமார் மட்டுமல்ல. வங்காளத்தில் இதைக் 'காந்தா' என்கிறார்கள், பீகாரில் 'சுஜனி', கன்னட நாட்டில் 'கவுதி'. அமெரிக்காவில் 'குவில்ட்' என்ற பெயரில் இது பெரிய கலையாகவும் வியாபாரமாகவும் வளர்ந்திருக்கிறது. ஹூஸ்டன் நகரில் ஆண்டுதோறும் நடக்கும் போர்வைத் திருவிழாவுக்குப் பல்லாயிரக்கணக்கான ஜனங்கள் வருகிறார்கள். அதையொட்டி வியாபாரிகளுக்கு மட்டுமே தனிச் சந்தை ஒன்று 1979 முதல் ஏற்பட்டது. சென்னையிலும் 2019-ல் ஒரு குவில்ட் விழா நடந்தது. அலபாமா மாகாணத்தில் 'ஜீஸ் பெண்ட்' என்ற குக்கிராமத்து ஏழை நீக்ரோ மாதர் பழைய வேலைச் சட்டைகளைக் கிழித்துத் தைத்த போர்வைகள், 2002-ல் ஹூஸ்டன், நியூயார்க் மியூஸியங்களின் சுவர்களில் சித்திரங்களைப் போல் மாட்டப்பட்டன.

நமக்கு ஹூஸ்டன் தூரம், பொன்மலை கிட்டே. மாமியாரையும், மாதிரிக்காக அவர் எப்போதோ தைத்த ஒரு பழம் போர்வையையும் அழைத்துக்கொண்டு, ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறி, சத்திரத்தில் மாறி, காலை வெயில் ஏறுமுன் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

முதன் முறை போகிறவர்களுக்குச் சந்தை ஒரு சமுத்திரம். காய்கறிக் குவியல், மீன், இறைச்சி, வீட்டுச் சாமான், துணிமணி என்று ஒன்றை விட்டு ஒன்று கண்ணை இழுக்கும்; விலை கூவும் குரல்கள் காதை இழுக்கும்; பின்னால் வரும் ஜனங்கள் நம்மையே இழுத்துப் போவார்கள். இந்த ஊர் மக்களோ தங்கள் வீட்டுச் சமையலறைக்குள் நடப்பது போல நடக்கிறார்கள். என் மாமியாரும் அப்படியே நடந்தார். "மாப்பிள்ளை, முதல் சுற்றில் பையைத் திறக்காதீங்கோ. ஒரு சுற்று சும்மா பார்த்துட்டு வரலாம்" என்பது அவருடைய முதல் உபதேசம். எந்தக் கண்காட்சிக்கும் பொருந்தும் உபதேசம் அது.

இரண்டாவது சுற்றில், தரையில் படுதா விரித்து வெட்டுத் துணிகளைக் குவித்திருந்த ஒருவர் முன்னால் அவர் உட்கார்ந்துவிட்டார்.

"எல்லாம் சுத்தப் பருத்தி, பாட்டி. ஈரோட்டுச் சரக்கு. கிலோ 200 ரூபாய்."

"பருத்தியா இல்லையான்னு நான் சொல்றேன், தம்பி. தீப்பெட்டி இருக்கா?"

கடைக்காரர் சிரித்துக்கொண்டே தீப்பெட்டியை நீட்டினார். மாமியார் ஒவ்வொரு துண்டிலும் ஓர் இழையை உருவி நெருப்பில் காட்டினார். காகிதம் போல எரிந்து சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி. உருகிச் சுருண்டு கெட்டி மணியாக நின்றால் பாலியெஸ்டர். பன்னிரண்டு துண்டுகளில் ஐந்து சாம்பலாயின, ஏழு மணியாயின. அந்த ஐந்தையும் நனைத்த வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்தார். சாயம் ஒட்டிய சிவப்புத் துண்டு தள்ளுபடி. மிஞ்சியவை நான்கு. "தைக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு தரம் துவைச்சுடணும். புதுத் துணி சுருங்கும், போர்வை கோணிக்கும்" என்று எனக்கும் கடைக்காரருக்கும் சேர்த்துப் பாடம் நடந்தது. கடைக்காரர் மரியாதையாக விலையில் 40 ரூபாய் குறைத்துக்கொண்டார்.

பக்கத்தில் தையல் மிஷினை வைத்துக்கொண்டு, கிழிசல் தைத்துக் கொடுக்கும் ஸ்திரீ ஒருத்தி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். மாதிரிப் போர்வையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கையாலயா தைச்சீங்க, பாட்டி? இதே மாதிரி எனக்கு ஒண்ணு தைச்சுத் தருவீங்களா? 300 ரூபாய் கொடுக்கிறேன். வாங்கிக்க ஆள் இருக்கு."

கணக்கு வாத்தியாரின் மூளை சும்மா இருக்குமா? போர்வை மூன்றடி அகலம், நாலடி நீளம். அங்குலத்துக்கு ஒரு வரிசையாக 36 வரிசைகள். அங்குலத்துக்கு ஆறு தையல் வீதம் ஒரு வரிசையில் 288. ஆக மொத்தம் 10,368 தையல்கள்! நிமிஷத்துக்குப் பத்துத் தையல் என்று வைத்தாலும் பதினேழு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. முந்நூறு ரூபாயைப் பதினேழால் வகுத்தால் மணிக்கு 18 ரூபாய் கூட இல்லை.

நான் இதை உரக்கச் சொன்னதும் அந்த ஸ்திரீயின் முகம் சுண்டிவிட்டது. "நான் ஏமாத்தச் சொல்லலைங்க, சார். அதுக்கு மேல கொடுத்தா யார் வாங்குவாங்க?" என்றாள். அவள் சொன்னதில் பொய் இல்லை. மிஷினில் தைத்த போர்வைகள் கரூரிலிருந்து கப்பலேறும் காலம் இது.

மாமியார் மட்டும் அமைதியாக, "இது விலைக்குத் தைக்கிறது இல்லேம்மா" என்றார்.

அந்தப் பதில் எனக்கு முதலில் பெருமையாக இருந்தது. யோசிக்க யோசிக்க வருத்தமாகவும் இருந்தது. விலைக்கு இல்லை என்று சொல்லிச் சொல்லியே நம் வீட்டு ஸ்திரீகளின் இந்த வேலைக்கு விலையே இல்லாமற் போயிற்று. எஞ்சின் செய்த கைகள் கூலி கேட்டன. கேட்டதற்காக இதே ஊரில் உயிரையும் கொடுத்தன. ஊசி பிடித்த கைகளோ வாய் திறந்து கேட்டதில்லை. கூலி இல்லாத தொழிலைப் பெண்கள் ஏன் கற்கப் போகிறார்கள்? அன்புக்காகத் தைத்தவர்களின் கண் மங்கியதும் தொழிலும் மங்கிவிடுகிறது.

திரும்பப் புறப்படும்போது மாமியார் நின்றார். "உனக்குக் குழந்தைகள் உண்டா?" என்று அவளைக் கேட்டார். இரண்டு பெண்கள் என்றாள். "அப்படின்னா ஸ்ரீரங்கத்துக்கு வா. கத்துக் கொடுக்கிறேன். முதல் போர்வையை உன் பெண்களுக்குத் தை. ரெண்டாவதை வித்தா ரெண்டு நாள் கூலிக்குக் குறைஞ்சு கொடுக்காதே. அந்த விலைக்கு ஆள் கிடைக்கலேன்னா, அதையும் வீட்டிலேயே வெச்சுக்கோ."

அவள் இதுவரை மூன்று முறை வந்துவிட்டாள். சனிக்கிழமை மாலைகளில் எங்கள் வீட்டுத் திண்ணையில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து தைக்கிறார்கள். ஊசியில் நூல் கோப்பது அவள் வேலை. வரிசை கோணினால் பிரிக்கச் சொல்வது மாமியார் வேலை. கொள்ளுப் பேரக் குழந்தையின் போர்வையில் நேற்று வரை இருபத்திரண்டு வரிசைகள் முடிந்திருக்கின்றன.