பேப்பரில் சுற்றிக் கொடுத்தவன்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் முப்பது வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். எங்கள் கடையில் இரண்டே சரக்கைத்தான் பழைய பேப்பரில் சுற்றி, கறுப்புப் பையில் போட்டுக் கொடுப்போம். ஒன்று, பெண்கள் வாங்கும் நாப்கின். மற்றது, மனநோய்க்கான மாத்திரை. சுற்றித் தரச் சொல்லி யாரும் கேட்டதில்லை. கை தானாகப் பேப்பரைத் தேடும். வாங்குகிறவரின் மானத்தைக் காப்பாற்றுகிறோம் என்று ஒரு நினைப்பு.

மாத்திரை வாங்கியவர் படியிறங்கியதும் கடைப் பையனைப் பார்த்துக் கண்ணடிப்பேன். "பாத்தா தெரியல பாரு" என்பேன். மாதம் தவறாமல் சீட்டோடு வருகிற பள்ளி ஆசிரியர் ஒருவர் இருந்தார். சில்லறையைச் சரியாக எண்ணிக் கொடுத்து, "வரேங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போவார். ஒருநாள் அவர் தெருமுனை திரும்புவதற்குள், "கீழ்ப்பாக்கம் கேஸு" என்றேன். பையன் சிரித்தான். 1794இல் சென்னையில் தொடங்கி, பிறகு கீழ்ப்பாக்கத்துக்கு இடம் மாறி, இன்றுவரை வைத்தியம் பார்க்கிற மனநல மருத்துவமனை அது. அதற்கு நாம் செய்த கைம்மாறு, அந்த ஊர்ப்பெயரையே வசவாக்கியது. என் பங்கும் அதில் உண்டு.

அதே மாத்திரையை எனக்கு எழுதிக் கொடுத்தபோது, இரண்டேகால் வருடம் அதை வாங்காமல் இருந்தேன்.

நோய் எப்போது வந்தது என்று சரியாகச் சொல்ல முடியாது. கடலூரில் வாழ்கிறவனுக்கு அது ஒரு வசதி. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் அடித்தது. அதற்குப் பிறகு இரண்டு மாதம் குளிக்காமல், கடை திறக்காமல் படுத்துக் கிடந்தேன். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து, ஊரே இடிந்துபோய் உட்கார்ந்திருந்தது. அதில் என் படுக்கை தனியாகத் தெரியவில்லை.

2015 வெள்ளத்தில் நேர்மாறாக நடந்தது. கடைக்குள் முழங்கால் அளவு தண்ணீர். நான் ராத்திரிக்கு இரண்டு மணி நேரம் தூங்கினேன், களைப்பே இல்லை. கடனுக்குச் சரக்கு எடுத்து முகாம் முகாமாகக் கொண்டுபோய்க் கொட்டினேன். "உன்ன மாதிரி ஒருத்தன் இருந்தா போதும்பா" என்றார்கள். தண்ணீர் வடிந்தது, நான் வடியவில்லை. தை மாதத்தில் மனைவியின் 22 பவுனை அடகு வைத்து, பண்ருட்டி அருகே முந்திரித்தோப்பு ஒன்றுக்கு முன்பணம் கொடுத்தேன். முந்திரியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பாயசத்தில் போடுவார்கள் என்பதுதான். சித்திரையில் விழுந்தேன். முன்பணம் போனது.

அம்மா கண்ணேறு என்றாள். உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். மச்சான்தான் பிடிவாதமாகச் சிதம்பரத்துக்கு அழைத்துப்போனார். கடலூரில் பார்க்கலாம் என்றபோது, "இங்க எல்லாருக்கும் என்னத் தெரியும்" என்று நான் மறுத்ததால் சிதம்பரம். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று பஸ் நின்று நின்று போயிற்று. ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கித் திரும்பிவிடலாமா என்றிருந்தது.

மருத்துவர் ஒரு மணி நேரம் பேசினார். இருமுனைக் கோளாறு என்றார். தரையோடு தரையாகக் கிடத்துவதும் இதுதான், தலைகால் தெரியாமல் பறக்க வைப்பதும் இதுதான் என்று விளக்கி, லித்தியம் எழுதினார். "மருந்துக்கடை வெச்சிருக்கீங்க, உங்களுக்கு நான் சொல்லணுமா சார்?" என்றார். சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். அது 2016 ஜூன்.

ஏன் மாத்திரை போடவில்லை என்று வீட்டில் கேட்டபோது பாடம் நடத்தினேன். லித்தியம் ரத்தத்தில் ஏறக்குறைய 0.6க்கும் 1.0க்கும் நடுவே நிற்க வேண்டும், 1.5ஐத் தாண்டினால் நஞ்சு. சிறுநீரகம் கெடலாம், தைராய்டு குறையலாம், கை நடுங்கும், உடம்பு பெருக்கும். வயிற்றுப்போக்கோ அதிக வியர்வையோ வந்து உடம்பில் நீரும் உப்பும் குறைந்தால் அளவு ஏறிவிடும். மூட்டுவலிக்குப் போடுகிற டைக்ளோஃபெனாக் சேர்ந்தாலும் ஏறும். அத்தனையும் உண்மை. உண்மைகளை மட்டுமே அடுக்கி ஒரு பொய்யைக் கட்டிவிடலாம் என்று அப்போது கற்றுக்கொண்டேன். "கிட்னி போச்சுன்னா யாரு பாக்கறது?" என்று கேட்டபோது மனைவியால் பதில் சொல்ல முடியவில்லை.

அந்த நாட்களில் நான் வேறொன்று செய்துகொண்டிருந்தேன். தூக்கம் வராததால், என் கடை ரேக்கிலிருந்தே ஆல்பிரசோலம் எடுத்து ராத்திரி தோறும் போட்டுக்கொண்டேன். பழக்கமாகிவிடும், விடுவது கஷ்டம் என்று மற்றவர்களுக்கு எச்சரித்துக் கொடுக்கிற அதே மாத்திரை. அது எச்1 பட்டியல் மருந்து. 2014 முதல் அதற்குத் தனிப் பதிவேடு உண்டு. மருத்துவர் பெயர், நோயாளி பெயர், எண்ணிக்கை எல்லாம் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். நோயாளி என்ற கட்டத்தில், செத்துப்போன என் சித்தப்பாவின் பெயரை எழுதினேன். மருந்துக்குப் பயந்தவனா நான்? சீட்டில்லாமல், கணக்கில்லாமல், அடிமையாக்குகிற மருந்தை விழுங்கினேன். சீட்டோடும் ரத்தப் பரிசோதனையோடும் தரப்பட்டதைத்தான் ஒதுக்கினேன்.

பயம் சிறுநீரகத்தைப் பற்றியதல்ல. அந்த ஆசிரியரை நான் பார்த்த பார்வையால் என்னை ஒருவன் பார்ப்பான் என்பதுதான் பயம்.

அதற்கான விலையை நான் மட்டும் கொடுத்திருந்தால் பரவாயில்லை. 2018 ஆவணியில் மகளுக்கு நிச்சயதார்த்தம். அதற்கு முந்தின பத்து நாள் எனக்குத் தூக்கமே இல்லை, மறுபடியும் பறந்துகொண்டிருந்தேன். மண்டபத்தில் மைக்கைப் பிடுங்கி, மாப்பிள்ளைக்கு நான் வாங்கித் தரப்போகிற ஆஸ்பத்திரி பற்றி அரை மணி நேரம் பேசினேன். உட்காரச் சொன்ன சம்பந்தியை வாய்க்கு வந்தபடி ஏசினேன். தாம்பூலத் தட்டு மாறவில்லை. மகள் நாலு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்: "ஊருக்கெல்லாம் மருந்து குடுக்கற, உனக்கு வாங்கத் தெரியலியாப்பா?"

மறுபடி சிதம்பரம். அந்த மருத்துவரிடம் சிறுநீரகப் பாட்டைப் பாடினேன். "நியாயமான பயம்தான். அதுக்குத்தான ரத்தம் பாக்கறோம்?" என்றார். கடைசி மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும், சிறுநீரகமும் தைராய்டும் அவ்வப்போது பார்க்க வேண்டும், உப்பைத் திடீரென்று குறைக்கக் கூடாது, வெயிலில் தண்ணீர் குடிக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் முடிந்தது. இரண்டேகால் வருடம் நான் கேட்காத கேள்விக்கு ஐந்து நிமிடப் பதில்.

மாத்திரையை என் கடையில் வாங்கவில்லை. சிதம்பரத்திலேயே ஒரு கடையில் வாங்கினேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் ஸ்ட்ரிப்பைப் பழைய பேப்பரில் சுற்றி, கறுப்புப் பையில் போட்டார். பக்கத்தில் ஒரு பையன் நின்றான். படியிறங்கியபோது திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை. அங்கே என்ன நடந்திருக்கும் என்று என் முதுகுக்குத் தெரியும்.

லித்தியம் ஒரு உலோகம். மாத்திரையில் இருப்பது அதன் உப்பு. அம்மா எனக்குச் சுற்றிப் போட்டதும் உப்பு, மருத்துவர் எழுதிக் கொடுத்ததும் உப்பு. இந்த நோய்க்கு அது பயன்படும் என்று 1949இல் எழுதியவர் ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர். அவர் லித்தியம் கொடுத்த முதல் நோயாளி பல வருடம் மருத்துவமனையில் கிடந்தவர். தேறி வீட்டுக்குப் போனார். நன்றாகிவிட்டோம் என்று மருந்தை நிறுத்தினார், நோய் திரும்பிவிட்டது. இதைப் படித்த பிறகும் எட்டாவது மாதத்தில் நானும் நிறுத்தினேன். மூன்றாவது வாரம், அதிகாலை மூன்று மணிக்கு நான் கடையைத் திறந்து ரேக்குகளை இடம் மாற்றிக்கொண்டிருந்தபோது மனைவி வந்து நின்றாள். "என்னங்க, வாங்க வீட்டுக்கு" என்றாள். அன்று முதல் நிறுத்தவில்லை.

தைரியம் வந்து திருந்தினேன் என்று சொல்ல ஆசை. அது நடக்கவில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து பஸ் நின்றது. சிதம்பரம் போக வழியில்லை. கையில் நாலு மாத்திரை. வேறு வழியில்லாமல் என் கடையிலேயே வரவழைத்து, என் பெயருக்குப் பில் போடச் சொன்னேன். பையன் நிமிரக்கூட இல்லை. "எனக்கு ஒரு வருஷமா தெரியும்ணா, உங்க பையில ஸ்ட்ரிப் பாத்தேன்" என்றான். சொல்லிக்கொண்டே பழக்கத்தில் பேப்பரை எடுத்தான். நான்தானே பழக்கினேன்.

இன்று விரல்கள் கொஞ்சம் நடுங்குகின்றன. நாக்கு வறள்கிறது, ராத்திரி இரண்டு முறை எழுந்திருக்க வேண்டும். ஆறு கிலோ கூடியிருக்கிறேன். இதையெல்லாம் மறைத்து மருந்துக்குப் பாட்டுப் பாடமாட்டேன். எல்லோருக்கும் லித்தியம்தான் என்றும் சொல்லவில்லை, வேறு மருந்துகள் இருக்கின்றன. மருந்தைத் தொடங்கத் தயங்குகிறவருக்குச் சொல்வது ஒன்றுதான். உங்கள் தயக்கத்தை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். என்னைப் போல் சட்டைப்பையில் மடித்து வைக்காதீர்கள். யாரிடம் தொடங்குவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குப் பேசலாம். கட்டணம் இல்லை, தமிழிலும் பேசுவார்கள்.

என் தொழில்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த மாத்திரையைச் சர்க்கரை மாத்திரை கொடுப்பதுபோலவே கொடுங்கள். மறைத்துத் தரச் சொல்லிக் கேட்டால் மட்டும் சுற்றுங்கள். படியிறங்கியதும் உங்கள் வேலையைப் பாருங்கள்.

அந்த ஆசிரியர் என் கடைக்கு வந்து வருடங்களாகிவிட்டன. நான் சொன்னது அவர் காதில் விழுந்திருக்கும்.